சின்னவன் ஜாடை

தேர்தலில் நிற்கப்போவதாகச் சொன்ன அன்றே அவள் கணவர், "எவன்கிட்டயும் கை நீட்ட மாட்டேன்" என்றும் சொல்லிவிட்டார். கட்சி கிடையாது, நன்கொடை கிடையாது, எல்லாம் சொந்தக் காசு. ஊரில் பாதிப் பேர் படுத்துப் புரள்வது அவருடைய கம்பெனி மெத்தையில்தான். அப்படிப்பட்டவருக்குக் காசு ஒரு பொருட்டா? எதிர்த்து நின்றவர்கள் அவருக்கு 'மெத்தை' என்றே பேர் வைத்தார்கள்.

"மெத்தைக்கு ஓட்டுப் போட்டா நிம்மதியாத் தூங்கலாம்னு பேசிக்கிறாங்கம்மா," என்று டிரைவர் காரை ஓட்டிக்கொண்டே சொல்லிச் சிரித்தார். பிறகு முன்கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார். "நான் சொல்லலம்மா. சொல்றாங்க."

அவளும் சிரித்துவிட்டாள். அப்போதெல்லாம் அவளிடம் மனதில் பட்டதைப் பேசிய ஒரே ஆள் அவர்தான். சீக்கிரமே அவரையும் பிரச்சார வண்டிக்கு மாற்றிச் சம்பளத்தை இரண்டு மடங்காக்கினார்கள். அதற்குப் பிறகு அவர் மெத்தை ஜோக் எதுவும் சொல்லவில்லை.

வீடு முழுக்க ஆட்கள். கீழ்த்தளத்துக் கூடத்தில் வரிசையாக மேசைகள், கம்ப்யூட்டர்கள், தரையெங்கும் பாம்புக்குட்டிகள் மாதிரி வயர்கள். அத்தனை பேரும் சம்பளத்துக்கு வந்தவர்கள். நல்ல பிள்ளைகள்தான், குறை சொல்ல முடியாது. ஒருநாள் அவள் விளையாட்டாக, "இன்னைக்கு ரொம்பப் புழுக்கமா இருக்கில்ல?" என்றாள். "ஆமா மேடம்" என்றார்கள். கொஞ்சம் பொறுத்து, "இல்ல, குளிருது" என்றாள். "ஆமா மேடம்" என்று அதே முகத்தோடு ஒருத்தி எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினாள். அறைக்குத் திரும்பிய பிறகும் அந்த ஜன்னல் மூடிய சத்தம் அவளை விட்டுப் போகவில்லை. கடன் வாங்கியவனைக் கேள்வி கேட்கக் கடன் கொடுத்தவனாவது இருப்பான். யாரிடமும் கை நீட்டாதவரை யார் கேட்பது?

சின்னவன் பிறந்தது சாப்பாட்டு மேசையில்.

கதைக்காரர் என்று அவள் மனதுக்குள் பேர் வைத்திருந்த ஒருவர் இருந்தார். தடித்த கண்ணாடி, மெதுவான குரல். முன்பு பிஸ்கட் விளம்பரம் எழுதிக்கொண்டிருந்தவர். வேட்பாளரின் வாழ்க்கைக் கதையை எழுதுவது அவர் வேலை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அவர் சொன்னார்: "ஐயா, பணக்காரர்னு ஜனங்களுக்குத் தெரியும். அதை மறைக்க முடியாது. ஆனா நீங்க எதையோ இழந்தவர்னு தெரிஞ்சா மன்னிச்சிடுவாங்க. அப்பா பஞ்சுக் கிடங்கு வச்சிருந்த காலத்துல, உங்களுக்கு ஒரு தம்பி இருந்தான்னு வச்சிக்குவோம். பஞ்சுத் தூசி நெஞ்சில அடைச்சுப் போயிட்டான்."

"தம்பியா?" என்று கணவர் சிரித்தார். "எனக்கு மேல அக்கா. எனக்குக் கீழ நாய்க்குட்டிகூடக் கிடையாது."

"சும்மா ஒரு சோதனைக்குத்தான். ஜனங்களுக்குப் பிடிக்கலைன்னா எடுத்துடலாம்."

சோதனை என்பது இப்படித்தான் நடந்தது. கடைத்தெருவில் ஒரு மாடியறை. தெருவில் போகிறவர்களைக் கூட்டிவந்து உட்கார வைத்து, டீயும் ஒரு கவரும் கொடுத்து, தம்பி கதை வரும் பிரச்சாரப் படத்தைப் போட்டுக் காட்டிப் பேச விடுவார்கள். சுவரில் பெரிய கண்ணாடி. அவர்களுக்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி. பின்னால் இருட்டறையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஜன்னல். அவள் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு நடுவயதுப் பெண் எழுந்துவந்து, நேராக அவள் கண்ணைப் பார்த்தபடி நெற்றியில் கலைந்த முடியை ஒதுக்கிக்கொண்டாள். அவளும் தன்னை அறியாமல் தன் நெற்றியைத் தொட்டுக்கொண்டாள்.

படம் முடிந்ததும் அந்தப் பெண்தான் முதலில் பேசினாள். "எனக்கு அந்தப் பையனைத் தெரியும். எங்க தெருவுலதான் விளையாடுவான். இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து நடப்பான். என்னை அக்கான்னு கூப்பிடுவான்."

பக்கத்திலிருந்த ஆள் தலையை ஆட்டினார். "ஆமா, சின்னவன். பாவம். மூச்சு விடும்போது விசில் மாதிரி வரும்."

அவள் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். கவர் வாங்கினவர்கள் கவருக்கு ஏற்ற மாதிரி பேசுகிறார்கள் என்று சிரிப்பார் என்று நினைத்தாள். அவர் சிரிக்கவில்லை. இருட்டில் அவர் உதடு மட்டும் அசைந்தது.

"இடது கால்தான்," என்றார்.

அன்றிலிருந்து அவர் மாறிப்போனார். கூட்டங்களில் தம்பியைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடைந்தது. நடிப்பென்றால் அவளுக்குத் தெரியும். அவர் நடிக்கத் தெரியாதவர், கல்யாண ஃபோட்டோவில்கூடச் சிரிக்க வராமல் கஷ்டப்பட்டவர். வீட்டுக்கு வந்தும் அழுதார். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதார். கூடத்தில் பழைய ஃபோட்டோ ஒன்று மாட்டியிருந்தது. சிறுவயதில் அவர் தோட்டத்தில் தனியாக நிற்கும் படம். ஒருநாள் அதில் பக்கத்தில் இன்னொரு பையன் நின்றான். படத்தைத் திருத்தியிருக்கிறார்கள், அது புரிந்தது. புரியாதது ஒன்றுதான். தோட்டத்துப் படத்தில் அவர் கை எப்போதும் அப்படி அந்தரத்தில், ஒரு தோள் உயரத்தில்தான் நின்றுகொண்டிருந்ததா? அந்தக் கைக்குக் கீழே ஏதோ இருந்திருக்க வேண்டும் என்று ஏன் இத்தனை வருஷம் தோன்றவில்லை?

அவர் அழுவதைக் கேட்டுக்கொண்டு அவள் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். இரக்கம் வரவில்லை. வயிற்றில் பழைய புண் ஒன்று மெல்ல வாய் திறந்தது.

ஏனென்றால் அவர்களுக்கு ஒரு குழந்தை பிறந்திருந்தது. பெண் குழந்தை. மாதம் நிறைவதற்கு முன்பே வந்துவிட்டாள். ஒரு வாரம்கூட இருக்கவில்லை. பேர் வைக்க நேரமில்லை, பாப்பா, அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் பாப்பாவைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அவள் தையல் வலியோடு சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்துபோய்ப் பார்ப்பாள். கணவர் வாசல்வரை வருவார், உள்ளே வரமாட்டார். எல்லாம் முடிந்த பிறகு ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. மறுநாள் கம்பெனிக்குப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே அந்த வீட்டில் இல்லை. அவர் வாசலோடு நின்ற காரணத்தை அவள் ஒருநாளும் கேட்கவில்லை. ஆனால் அவரோடு வாழ்ந்த எல்லா வருஷங்களும் அந்தக் கேள்வியின்மேல்தான் படுத்துக் கிடந்தன. பாப்பாவின் முகம் அவளிடம் மட்டும் இருந்தது. யார் ஜாடையும் இல்லாத, இன்னும் ஜாடை பிடிக்காத சின்ன முகம். தினமும் ஒருமுறை அதை மனதில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் தூங்குவாள்.

பாப்பாவைக் கண்ணால் பார்த்த இன்னொருவர் கணவரின் அக்கா. இப்போது பிரச்சாரத்தில் மகளிர் அணியைக் கவனிக்கிறவர். தனி கார், தனி உதவியாள். வாய் ஓயாமல் கிண்டல் பேசுகிற மனுஷி. உண்மை பேசுவார் என்று நம்பித்தான் போனாள்.

"அக்கா, உங்களுக்குத் தம்பி ஒருத்தர்தானே?"

"ஒருத்தனை வச்சே படாத பாடு படுறேன்," என்று அக்கா சிரித்தார். காலில் பிரச்சாரக் கொடி நிறத்தில் புதுச் செருப்பு. கட்சியே இல்லாத கொடி. "ஏன்டி, திடீர்னு?"

"அப்போ சின்னவன்?"

அக்காவின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. சிரிப்புக்குப் பின்னால் எதையோ தேடுகிற மாதிரி கண் மட்டும் அலைந்தது. பிறகு கண் நிறைந்தது. "அவனைப் பத்திப் பேசாதடி. அம்மா அவனைப் பத்திப் பேசவே விட மாட்டாங்க. அதனாலதான் உனக்குத் தெரியல."

"அக்கா, அது கதை. கதைக்காரர் நம்ம சாப்பாட்டு மேசையில உட்கார்ந்து சொன்னார். நான் அங்க இருந்தேன்."

"அவருக்கு யார் சொல்லியிருப்பா? தம்பிதான் சொல்லியிருப்பான்." அக்கா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காத. உன் பாப்பா இருந்தாளே. அவளைப் பெட்டிக்குள்ள பார்த்ததும் எனக்கு ஈரக்குலை நடுங்கிடுச்சு. அப்படியே சின்னவன் ஜாடை."

அவள் கையை உருவிக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் பாப்பா என்ற சொல்லை இன்னொரு வாய் சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல்முறை.

அந்த வார்த்தை அக்காவோடு நிற்கவில்லை. இரண்டொரு நாளில் கணவர் அவள் அறைக்கு வந்தார். கட்டிலில் உட்காரவில்லை, தரையில் அவள் காலடியில் உட்கார்ந்தார். அப்படி அவர் உட்கார்ந்து அவள் பார்த்ததில்லை.

"அன்னைக்கு நான் ஏன் உள்ள வரலைன்னு நீ கேட்டதே இல்ல."

அவள் காலை லேசாக உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"வாசல்ல இருந்தே பார்த்துட்டேன். அவன் முகம். அவன் போனப்போ மூச்சுக்குத் தவிச்சானே, அதே மாதிரி அவளும். என்னால முடியல. ரெண்டாவது தடவை என்னால பார்க்க முடியல." அவர் முகத்தை அவள் முழங்காலில் புதைத்துக்கொண்டார். "உன்னைத் தனியா விட்டுட்டேன். மன்னிச்சிடு."

இந்த ஒரு வார்த்தைக்காக அவள் எத்தனை வருஷம் காத்திருந்தாள். அது வந்துவிட்டது, கண்ணீரோடு வந்துவிட்டது. அது நிற்கிற இடம் மட்டும் வெறும் பஞ்சு. கையை எடுத்து அவர் தலையில் வைத்தாள். தலை சூடாக இருந்தது. பொய்யான தலையாக இல்லை.

"இதை நீ சொல்லணும்," என்றார் அவர், இன்னும் முகத்தை எடுக்காமல். "கேமரா முன்னாடி. நான் சொன்னா அரசியல்னுவாங்க. நீ சொன்னா நம்புவாங்க. பாப்பா அவன் ஜாடைன்னு மட்டும் சொல்லு. போதும்."

மறுநாள் அவள் கதைக்காரரைத் தேடிப் போனாள். மெத்தைக் கிடங்கின் மூலையில், படம்பிடிப்பதற்காக ஒரு வீட்டையே கட்டியிருந்தார்கள். கிடங்குச் சுவரில் சின்னவன் சிரிக்கும் போஸ்டர் ஒட்டியிருந்தது. ஒற்றை அறை, மண் பூசின மாதிரி சுவர், மூலையில் சின்னப் பாய். மேலே கூரை இல்லை. கூரைக்குப் பதிலாக விளக்குகள். ஜன்னலுக்கு வெளியே வரைந்த தெரு. கதைக்காரர் அந்தப் பாயின் ஓரத்தில், அதன்மேல் கால் படாமல் குந்தியிருந்தார்.

"சின்னவனை எழுதினது நீங்கதானே?" என்றாள். "ஒரு தடவை என்கிட்ட மட்டும் சொல்லுங்க."

"நான்தான்னு நெனச்சிட்டிருந்தேன் மேடம்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆனா நான் எழுதின பையனுக்குக் கால்ல ஒண்ணும் இல்ல. மூச்சுல விசிலும் இல்ல. அதெல்லாம் அவங்களா சொன்னாங்க. அடுத்த சோதனைக்கு வேற ஆளுங்களை வச்சோம், வேற ஊர் ஆளுங்க. அவங்களும் இடது கால்தான்னாங்க."

"காசு வாங்கினவங்க. நாம கேட்கணும்னு நினைக்கிறதைச் சொல்லுவாங்க."

"நாம கால் பத்தி நினைக்கவே இல்லையே மேடம்."

அவள் பாயைப் பார்த்தாள். நடுவில் லேசாகக் குழிந்திருந்தது, ஒரு பிள்ளை படுத்து எழுந்த அளவுக்கு. செட்டுக்காரர்கள் வேலையில் கெட்டிக்காரர்கள் என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"நான் வேற மாதிரி சொல்லிட்டா?" என்றாள். "பாப்பா யார் ஜாடையும் இல்ல, அப்படி ஒரு தம்பியும் இல்லன்னு சொல்லிட்டா?"

"சொல்லலாம் மேடம். உங்க வாய், உங்க பேச்சு." அவர் குரல் இன்னும் தணிந்தது. "அதையும் சோதனைக்குப் போடுவாங்க. யாராவது ஒருத்தர் உங்க பாப்பாவையும் தனக்குத் தெரியும்னு சொல்லுவாங்க. அப்புறம் அவ எப்படி இருந்தாங்கிறது உங்க கையில இல்ல."

கடைத்தெரு மாடியில் முகம் தெரியாத யாரோ ஒருவர் பாப்பாவுக்குக் கண் நிறம் வைப்பார், அழுகை வைப்பார், பேரும் வைப்பார். அதைவிட அந்த ஒரு வரியைக் கொடுத்துவிடலாம். ஜாடையை அவர்கள் வைத்துக்கொள்ளட்டும், முகத்தை நான் வைத்துக்கொள்கிறேன் என்று கணக்குப் போட்டாள். ஒரு வரிதானே. வாடகைக்குக் கொடுக்கிற நகை மாதிரி, திரும்பி வந்துவிடும்.

படம்பிடிக்கிற அன்று அவளைப் பாயில் உட்கார வைத்தார்கள். கணவர் பக்கத்தில். விளக்குகளுக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை, மூச்சு மட்டும் கேட்டது. கணவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கைப்பிடிக்காகவே சொல்லலாம் போலிருந்தது.

"எங்களுக்கு ஒரு பொண்ணு பொறந்தா," என்றாள். "அவ… அப்படியே சின்னவன் ஜாடை."

யாரும் கைதட்டவில்லை. விளக்குக்குப் பின்னால் யாரோ விம்மினார்கள். "ஒரே டேக்ல ஓகே," என்று ஒரு குரல், மரியாதையாக, சாவு வீட்டில் பேசுகிற மாதிரி சொன்னது.

திரும்பும்போது கணவரே காரை ஓட்டினார். அவர் முகம் லேசாகியிருந்தது, கல்யாணமான புதிதில்கூட அப்படி இருந்ததில்லை. சிக்னலில் நிற்கும்போது பாப்பாவைப் பற்றிப் பேசினார். அவள் விரல் எவ்வளவு சின்னது என்றார். ஒரு தடவை கொட்டாவி விட்டாளே, பார்த்தாயா என்றார். அவள் பார்த்திருந்தாள். அது உண்மைதான், பாப்பா கொட்டாவி விட்டாள். வாசலில் நின்றபடி அவரும் அதைப் பார்த்திருக்கிறார். இத்தனை வருஷமும் அது அவரிடம் இருந்திருக்கிறது.

அவளுக்கு அழுகை வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் கொட்டாவியைப் பார்க்கப் பாப்பாவின் முகத்தை மனதில் எடுத்தாள்.

கண்ணாடிப் பெட்டி வந்தது. துணி வந்தது. விரல்கள் வந்தன. முகம் இருக்க வேண்டிய இடத்தில், கிடங்கில் ஒட்டியிருந்த போஸ்டரில் சிரிக்கும் அந்தப் பையன் இருந்தான். கண்ணைத் திறந்துவிட்டு மறுபடி மூடினாள். நெற்றியிலிருந்து தொடங்கிப் பார்த்தாள், மோவாயிலிருந்து தொடங்கிப் பார்த்தாள். எந்தப் பக்கமாகப் போனாலும் அவனே வந்தான். கோபமில்லாமல், யாரையோ அக்கா என்று கூப்பிடப்போகிற பிள்ளை மாதிரி, அவளைப் பார்த்தான்.

சிக்னல் விழுந்தது. பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன.

"என்ன, பேச்சையே காணோம்?" என்றார் கணவர்.

தெருவெல்லாம் அவர் முகம் ஒட்டியிருந்தது. அவள் முந்தானையைச் சுருட்டிக் கையில் இறுக்கிக்கொண்டாள். இனிமேல் பாப்பாவைப் பார்க்க அவளுக்கு ஒரு வழிதான் இருந்தது.

"சின்னவனைப் பத்திச் சொல்லுங்க," என்றாள். "அவன் முகம் எப்படி இருக்கும்? ஒண்ணு விடாம சொல்லுங்க."

அவர் சந்தோஷமாகச் சொல்லத் தொடங்கினார்.