விளக்கு உபயம்

எங்கள் மேட்டு லயத்து வரிசை வீடுகளில் கோழியை எழுப்புவதே பெண்கள்தான். இருட்டோடு எழுந்து, மலையிலிருந்து கொட்டும் பீலித் தண்ணீரில் கை மரத்துப்போக குடம் நிறைத்து, ரொட்டி தட்டி, பிள்ளைக்கு ஒன்று, புருசனுக்கு ஒன்று, துணியில் சுற்றி இடுப்புக்கு ஒன்று என்று பிரித்து முடிப்பதற்குள் கீழே ரோட்டில் லொறியின் ஹோர்ன் அடிக்கும். நேற்றைய ஈரம் காயாத படங்குச்சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓட வேண்டும். லொறிக்கு ஏணி கிடையாது. டயரில் ஒரு கால் வைத்து எம்ப, மேலே நிற்கிறவள் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பாள். தோள்மூட்டு ஒரு தடவை கழன்று ஒரு தடவை மாட்டிக்கொள்ளும். பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மாடுகள் நிற்பதுபோல நிற்பது. மாடென்றால் வைக்கோலாவது போட்டிருப்பார்கள்.

எங்கள் மலையில் இப்போது பாதிக்கு மேல் காடு. தேயிலையைப் பராமரிக்கக் கட்டுப்படியாகவில்லையாம். அதனால் எங்களை ஏற்றிக்கொண்டுபோய் உச்சிப் பிரிவில் கொழுந்தெடுக்க விடுகிறார்கள். ஏற்றிப்போகும் கொந்தராத்தில் தோட்டத்தோடு கையெழுத்துப் போட்டிருப்பவர் வீரசிங்கம் முதலாளி. பெரிய கங்காணியின் பேரன். தாத்தாவின் கோட்டும் தலைப்பாகையும் கரையானுக்குப் போய்விட்டன. குரல் மட்டும் பத்திரமாகக் கைமாறி வந்திருக்கிறது. ஒரே லொறியில் இரண்டு நடை அடித்தால்தான் அவருக்கு லாபம். எனவே முதல் நடை இருட்டிலேயே கிளம்பும்.

அந்த லொறியின் முன்விளக்கு, கண்ணில் புரை விழுந்த கிழவனைப் போல இருந்தது. கண்ணாடி மஞ்சள், வெளிச்சம் அதைவிட மஞ்சள். கருப்பம்மா அக்கா ஒருநாள் கேட்டேவிட்டாள். லயத்தில் திருவிழாக் காசு சேர்ப்பதிலிருந்து சண்டை விலக்குவது வரை அவள்தான்.

"மொதலாளி, வெளக்க மாத்துங்க. வளைவுல உசிரக் கையில புடிச்சுக்கிட்டு நிக்கிறோம்."

"லொறி என்னோடது, பயம் ஒங்களோடது. பயப்படுறவங்க வெளக்கு வாங்குங்க" என்றார் வீரசிங்கம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவருடைய பகிடிக்கு எப்போதும் அவர்தான் முதல் ஆள்.

நாங்கள் வாங்கினோம்! எங்களுக்கு அந்தக் கொழுப்பு உண்டு. மாரியம்மன் திருவிழாவில் ஒருத்தி பூமாலை உபயம் செய்வாள், ஒருத்தன் பாயசம் உபயம் செய்வான். இந்த வருசம் மேட்டு லயம் சேர்ந்து லொறிக்கு விளக்கு உபயம். பதுளைக் கடையில் எல்.ஈ.டி. பல்பு ஒரு ஜோடி. முதலாளியே லொறியோடு வந்தார். நான் கருவாடு வாங்கப் போனவள்தான். ஆனாலும் பக்கத்தில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் என் கால் நகராது.

பல்பு பூட்டியவன் நப்ரீஸ். பழைய பல்பைக் கழற்றினான். புதியதன் முதுகில் சின்னக் காற்றாடி துருத்திக்கொண்டு நின்றதால் பின்மூடி பொருந்தவில்லை. ரப்பரைப் பிளேடால் அறுத்து இடம் பண்ணினான். எரியவிட்டான். எதிர்ச் சுவர் மட்டுமல்ல, கூரை, மாடி வீட்டுக் கொடியில் காய்ந்த பாவாடை எல்லாம் வெள்ளை வெளேரென்று தெரிந்தன.

"மொதலாளி, இந்தக் கூடு பழைய பல்புக்குச் செஞ்சது. இதுக்குள்ள இதப் போட்டா வெளிச்சம் ரோட்டுல விழாம செதறும். மேல பனிக்குள்ள சரிவராது. கூட்டோட முழு செட்டா மாத்தினாத்தான் நல்லம்."

"செட்டுக்கு நீயா செலவழிக்கப் போற? பூட்டு."

பூட்டினான். கோவிலடியில் தேங்காய் உடைத்து, இரண்டு விளக்குக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். முதலாளிக்கு அன்று தாராள மனசு. செலவில்லாத தாராளம். லொறிக் கதவில் சிவப்புப் பெயிண்டால் எழுதிவைத்தார்: 'விளக்கு உபயம் – மேட்டு லயத்து மக்கள்'. எழுத்தைத் தடவிப் பார்க்காத கை எங்கள் லயத்தில் இல்லை.

ஒருவன்தான் முகம் கோணினான். டிரைவர் தேவதாசன்.

"அக்கா, ஊருக்குள்ள பகல் மாதிரிதான் இருக்கு. மேல பனி எறங்கினா கண்ணுக்கு முன்னால வெள்ள வேட்டி கட்டித் தொங்கவிட்ட மாதிரி. ரோடே தெரியல. பழசையே போட்டுடுவோமே?"

கருப்பம்மா அக்கா வெடித்தாள். "சாமிக்கு முன்னால வச்ச வெளக்கக் கழட்டுறதா? ஒனக்கு அம்மன் காசுன்னா எளக்காரமாப் போச்சா? மாதா கோயிலுக்குக் குடுத்திருந்தா இப்பிடிச் சொல்லுவியா?"

அவன் அவளிடம் கேட்பதை விட்டான். முதலாளியிடமும் போய்ச் சொன்னான். "மூஞ்சியத் தொடச்சுக்கிட்டு ஓட்டு" என்றார் அவர். அதற்குப் பிறகு வளைவுகளில் லொறி ஊர்ந்தது. காலைப் பெரட்டில் பேர் பதியப் பிந்துகிறது என்று அதற்கும் நாங்கள் ஏசினோம்.

எங்கள் லயத்து வீரய்யா, தேயிலைத் தொழிற்சாலையில் இரவு முறை முடித்து விடியலில் இறங்கி வருகிறவர். அன்று மூன்றாம் வளைவில் பனி பாலாகக் கொதித்தது. லொறி ஏறியது. அந்த வெள்ளை வெளிச்சம் முகத்தில் அடிக்க, மனுசன் கையால் கண்ணை மறைத்து, விலகுவதாக நினைத்து ரோட்டுப் பக்கமே கால் வைத்திருக்கிறார். தேவதாசனுக்கு முன்னால் வெள்ளை வேட்டிதான். மேலே நின்ற எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. காய்ந்த விறகை மிதித்தால் வருகிற சத்தம். பிறகு லொறி நின்றது. பிறகுதான் அவர் அலறினார்.

சக்கரத்தின் கீழிருந்து அவரை இழுத்தவர்களில் அவருடைய பெண்சாதி விஜயலெட்சுமியும் ஒருத்தி. அதே லொறியில்தான் அவளும் நின்றிருந்தாள். அது யாரென்று தூக்கிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். தேவதாசனைப் பொலிஸ் கொண்டுபோயிற்று. மறியல் சிறை உறுதி என்று பேசிக்கொண்டார்கள். லொறியைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால் நிறுத்தி, மோட்டார் பரிசோதகர் நாளை மறுநாள் காலை வந்து பார்க்கும்வரை யாரும் கை வைக்கக்கூடாது என்று சொல்லிப் போனார்கள். தேவதாசனின் பெண்சாதி மரியகொரட்டி கதவைச் சாத்திக்கொண்டாள். நான் எட்டிப் பார்க்கவில்லை. அவள் ஜன்னல் அங்கே இருக்கிறது, என் கண் இங்கே இருக்கிறது, அவ்வளவுதான். அடுப்பு புகையவில்லை.

முன்கதவில் சிலர் காறித் துப்பிவிட்டும் போனார்கள். அவள் கதவில்தான். வீரசிங்கத்தின் கதவு தூரம்.

அடுத்த நாள் லொறி இல்லை, வேலையும் இல்லை. மடுவத்தடியில் கூடி நின்றோம். வீரசிங்கம் ஜீப்பில் வந்தார். கூடவே நப்ரீஸ், கையில் பழைய பல்புப் பெட்டி. ஜீப்புக்குள் நீலப் பெயிண்ட் டின் ஒன்று. என் கண்ணுக்கு அது தப்புமா?

"இங்க பாருங்க" என்றார் முதலாளி. குரலில் வெல்லப்பாகு. "நம்ம சனம்னுதான் வந்தேன். நாளைக்குப் பரிசோதகர் வந்து இந்த லைட்டப் பாத்தான்னா, யார் போட்டதுன்னு கேப்பான். கதவே சொல்லும். லயம் முழுக்கக் கோட்டு கேசுன்னு அலையணும். நான் லைட்டையும் கழட்டிடுறேன், எழுத்தையும் அழிச்சிடுறேன். பொலிசுல கேட்டா, தேவதாசன் வேகமா வந்தான், வாயில சாராய நாத்தம்னு சொல்லுங்க. போதும்."

"அவன் குடிக்கிறதில்லையே" என்று யாரோ முனகினார்கள்.

"அப்ப நீங்க எல்லாரும் உள்ள போங்க. ஒருத்தன் போறது நல்லமா, ஊரே போறது நல்லமா?"

வெட்கக்கேட்டைச் சொல்வதென்றால், பல பேருடைய முகத்தில் நிம்மதி ஊறுவதை நான் பார்த்தேன். கருப்பம்மா அக்கா தரையைப் பார்த்தாள். முதலாளி நப்ரீஸுக்குக் கண் காட்டினார். அவன் ஒரு அடி வைத்தான்.

அப்போதுதான் விஜயலெட்சுமி வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, சந்தியிலிருந்து நடந்தே ஏறியிருக்கிறாள். சேலையில் ரத்தம் காய்ந்து கறுப்பாகியிருந்தது. இடுப்பில் முந்தின நாள் கட்டிய அதே படங்கு. தேவதாசன் குடும்பத்தைச் சபிக்கப் போகிறாள், மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்று எல்லோரும் வழிவிட்டோம். அவள் யாரையும் பார்க்காமல் நேரே போனாள். படங்கை அவிழ்த்து ஈரத்தரையில் விரித்தாள். இரண்டு விளக்குக்கும் நடுவில், பம்பரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டாள்.

"ஏ புள்ள, எழும்பு. ஒன் புருசனுக்கு வேண்டியத நான் பாத்துக்கிறேன்."

"அவருக்கு வேண்டியது காலு. இருக்கா ஒங்ககிட்ட?"

"கதை பேசாத. நம்ம ஆளுங்கன்னு பாக்கிறேன்."

"மூணாம் வளைவுல என் புருசன் கண்ணுல அடிச்சது இந்த வெளிச்சம். இத நீங்க கழட்டிட்டா, நாளைக்கு வாறவங்க கேப்பாங்க, எதப் பாத்து அந்த மனுசன் விழுந்தான்னு. கண்ணத் தொறந்துக்கிட்டே சக்கரத்துக்குள்ள கால விட்டான்னு எழுதிடுவாங்க. காலையும் குடுத்துட்டு, பேரையும் கெடுத்துக்கவா?"

"ஒன் புருசன் கால நசுக்கினவனுக்கா வக்காலத்து?"

"அவனச் செருப்பால அடிக்கணும்போலதான் இருக்கு. அது எனக்கும் அவனுக்கும். நீங்க நடுவுல வராதீங்க."

வீரசிங்கத்தின் வெல்லப்பாகு முறுகிவிட்டது. "கருப்பம்மா! இவளத் தூக்கு. இல்லைன்னா ஒன் பேருதான் மொதல்ல போகும். காசு சேத்தது நீதானே?"

அக்கா தலையை நிமிர்த்தினாள். முகம் வெளிறியிருந்தது. "நான்தான். காசு சேத்ததும் நான். வேணாம்னு சொன்னவன் வாய அடைச்சதும் நான். அதையும் சொல்லுவேன். கழட்டச் சொல்லி அவன் வந்து கேட்டப்ப நீங்க தொரத்தினதையும் சொல்லுவேன்."

"யாருடி சாட்சி?"

"கடையில 'பூட்டு'ன்னு நீங்க சொன்னதுக்கு நான் இருக்கேன்" என்றேன். "கருவாடு வாங்கப் போயிருந்தேன், மொதலாளி."

ஊர்க்கதை அளக்கிறவள் என்று என்னை ஏசாத நாள் இந்த லயத்தில் இல்லை. இந்தத் தடவை ஒரு ஆளும் என்னைப் பேசாதே என்று சொல்லவில்லை.

"நப்ரீஸ்! பாத்துக்கிட்டு நிக்கிற? கழட்டு!"

நப்ரீஸ் பெட்டியை ஜீப் மூடியின்மேல் வைத்தான். "எனக்கும் பொஞ்சாதி புள்ள இருக்கு மொதலாளி. பொலிஸ் கை வைக்க வேணாம்னு சொன்ன வண்டி. நான் ஒண்ணும் சொல்லவும் மாட்டேன், ஒண்ணும் கழட்டவும் மாட்டேன்." வீரன் இல்லை அவன். ஆனாலும் திரும்பிப் பாராமல் இறங்கிப் போனான்.

முதலாளி தானே கை வைக்க வந்தார். கருப்பம்மா அக்கா விஜயலெட்சுமிக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள். நான் இடப்பக்கம். பின்னால் இன்னொரு வரிசை. கதவோரம் ஆண்கள். சக்கரத்தைச் சுற்றிக் கொழுந்துக் கூடைகள். ஆளை மிதிக்காமல் விளக்கைத் தொட முடியாத அளவுக்கு நெருக்கம். அவர் மிதிக்கவும் பார்த்தார். செருப்பு ஒருத்தியின் விரலில் ஏறியது. அவள் முனகினாள், நகரவில்லை.

"சரி. இனி இந்த மேட்டு லயத்துக்கு லொறி கெடையாது. உச்சிக்கு நடந்து போங்கடி. பிந்திப் போனா அரைப் பேருதான், பாதிச் சம்பளம். ஒரு மாசத்துல என் கால்ல வந்து விழுவீங்க!"

"காலு இருக்கிறவங்க நடக்கிறோம், மொதலாளி" என்றாள் விஜயலெட்சுமி.

ஜீப் புகை கக்கிக்கொண்டு போயிற்று. அவர் சொன்னதைச் செய்வார். அது எங்களுக்குத் தெரியும். அரைப் பேரில் எந்தப் பிள்ளையின் வயிறு முதலில் சுருங்கும் என்றுகூட எனக்குத் தெரியும். நான் எல்லா வீட்டு அடுப்பையும் பார்க்கிறவள். பரிசோதகர் யார் பக்கம் நிற்பார் என்பதுதான் தெரியாது. அவர் நாளைக் காலையில்தான் வருவார். அதுவரை இங்கேயே இருப்பது என்று யாரும் தீர்மானம் போடவில்லை. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை, அவ்வளவுதான். பத்து மணி போல மழை தூறியது. கீழ் லயத்திலிருந்து வாளியில் தேத்தண்ணீரும், தலைக்குப் போட ரப்பர் சீட்டும் வந்தன. அவர்கள் கீழே வைத்துவிட்டுப் போகவில்லை, பக்கத்திலேயே குந்தினார்கள்.

லயத்துப் படியில் ஒரு உருவம் இறங்கி வந்தது. மரியகொரட்டி. முக்காட்டை வாய்வரை இழுத்திருந்தாள். கூட்டத்தின் ஓரத்தில் நின்றாள். உட்காரவா, திரும்பிப் போகவா என்று தெரியாமல் நனைந்துகொண்டு நின்றாள். யார் என்ன சொல்வார்கள் என்று நான்கூட யோசிக்க மறந்துவிட்டேன்.

விஜயலெட்சுமி அவளை ஏறிட்டுப் பார்க்கவில்லை. என்னை முழங்கையால் இடித்து நகரச் சொன்னாள். தனக்கு அடியில் இருந்த படங்கை உருவி, அகலமாக்கி, அதில் பாதியை அந்த ஈரத்தில் விரித்தாள்.

"ஒக்காரு" என்றாள். "எடம் விட்டா புகுந்துருவானுங்க."

மரியகொரட்டி உட்கார்ந்தாள்.