நெட்டில் விழுந்த சர்வ்

ஐந்தாவது செட்டில் டவுன் டீம் பதினாலு, தோட்டத்து டீம் பதிமூன்று. பிரேமலதா அடித்த சர்வ் நெட்டில் பட்டு அவள் பக்கமே விழுந்தது. அதோடு இறுதிப் போட்டி முடிந்தது. இலங்கையின் யட்டியாந்தோட்டை மைதானத்தில் டவுன் டீம் பெண்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள்.

அது 2004. ரப்பர் பால் வெட்டும் பெண்கள் சேர்ந்த தோட்டத்து வாலிபால் டீம் இறுதிக்கு வந்தது அதுதான் முதல் தடவை.

கேப்டன் மங்கையர்க்கரசி யாருக்கும் கை கொடுக்காமல் லொறியில் ஏறிவிட்டாள். மற்றவர்களும் பின்னால் ஏறினார்கள். அப்போதுதான் மைக்கில் கேட்டது: சிறந்த ஆட்டக்காரி, பிரேமலதா.

லொறி ஓட்டுகிற ராஜதுரைதான் அவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தவர். "போகாத புள்ள. டீம் தோத்திருக்கு, ஒனக்கு மட்டும் கப்பா? மானக்கேடு."

"தோக்க வச்சவளே இவதானே!" என்றாள் மங்கையர்க்கரசி.

பிரேமலதாவுக்கு முகம் சுட்டது. ஆனாலும் அவள் லொறியில் ஏறவில்லை.

"கடைசி சர்வ நெட்டுல போட்டது நான்தான். இல்லேங்கல. இந்த செட்டுல ஏழு பாயிண்ட் எடுத்ததும் நான்தாண்ணே. தோத்தவங்கன்னா ஒளிஞ்சிக்கிட்டுப் போகணுமா?"

"இப்ப ஏறலேன்னா விட்டுட்டுப் போயிருவேன்."

"போங்கண்ணே."

லொறி புறப்பட்டது. அவள் சேறு படிந்த காலோடு மேடையேறி, நிமிர்ந்து நின்று கப்பை வாங்கினாள். கீழே இறங்கியதும் நேராக டவுன் டீமிடம் போய் ஒவ்வொருத்திக்கும் கை கொடுத்தாள். அவர்கள் கேப்டன் நில்மினி அவள் கையை விடவில்லை.

"ஹொந்தட்ட செல்லம் களா, நங்கி." சிங்களத்தில் சொன்னாள்: நன்றாக ஆடினாய், தங்கச்சி.

அதைக் கேட்ட பிறகுதான் பிரேமலதாவுக்கு அழுகை வந்தது. பஸ் பிடித்துச் சந்தியில் இறங்கி, ரப்பர் காட்டுப் பாதையில் இரண்டு மைல் தனியாக நடந்தாள்.

மறுநாள் காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் யாரும் அவளோடு பேசவில்லை. சாயந்தரம் அவள் மட்டும் தோட்டத்து மைதானத்துக்குப் போய், சர்வ் அடித்தாள். அடித்த பந்தை அவளே ஓடி எடுத்து வந்தாள். அடுத்த நாளும் அப்படியே.

மூன்றாம் நாள் நெட்டுக்கு அந்தப் பக்கம் மங்கையர்க்கரசி வந்து நின்றாள்.

"எனக்கு இன்னும் கோவம் போகலடி."

"போகாட்டி இருக்கட்டும். கப்பு வாங்குனது தப்புன்னு மட்டும் நான் சொல்லமாட்டேன்."

மங்கையர்க்கரசி முழங்காலை மடக்கி, பந்து எடுக்கத் தயாரானாள்.

"அடி, பாப்போம்."