நீட்டு விசில்

ஹாஜிரா பீயின் காதிலிருந்த பஞ்சைப் பிடுங்கி எறிந்தான் ஸ்ரீரங்கன்.

"எழுந்திரு! மேட்டுக்கு ஓடு! கரை உடையப் போறது!"

பதுங்குகுழிக்குள் முழங்கால் ஆழச் சேற்றுத் தண்ணீரில் தலையைக் கவிழ்த்துக் குந்தியிருந்த அந்த அம்மாள், பல்லில் கடித்திருந்த துணியைத் துப்பினாள். எரித்துவிடுவது போல அவனைப் பார்த்தாள்.

"போன மாசமும் இப்டித்தான் கத்துனே. முருகையன் நம்பி எழுந்தான். கன்னத்துல அறைஞ்சே. நான் ஏமாறமாட்டேன், போ!"

மறுபடி துணியைக் கடித்தாள். பஞ்சு போன காதைக் கையால் பொத்திக்கொண்டாள்.

ஸ்ரீரங்கனுக்கு அழுகை வந்தது. அழ நேரம் இல்லை.

1943, புரட்டாசி கடைசி. நான்கு நாளாக மழை விடவில்லை. அடையாற்றின் வடகரையில், காளவாயில் செங்கல் சுட்டுப் பிழைக்கிற பதினைந்து குடிசைகள்தான் காளவாய்ப் பேட்டை. அந்தப் பேட்டைக்கு ஏ.ஆர்.பி. என்னும் விமானத் தாக்குதல் தற்காப்புப் படையின் வார்டன், மயிலாப்பூர் ஸ்ரீரங்கன். ஜப்பான் விமானம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று மூன்று மாதமாகப் பாடம் நடத்தியவன். விட்டுவிட்டு விசில் ஊதினால் குழிக்குள் இறங்கு. காதில் பஞ்சு, பல்லில் துணி. நீட்டி ஊதினால் வெளியே வா. நடுவில் யார் வந்து என்ன சொன்னாலும் அசையாதே.

பாடம் மனசில் ஏறியதா என்று பார்க்க ஒரு சோதனையும் வைப்பான். குழி ஓரத்தில் நின்று, "எல்லாம் முடிஞ்சுது, வாங்கோ!" என்று கத்துவான். நம்பி எழுந்தவன் அகப்பட்டான். போன மாதம் காளவாய் மேஸ்திரி முருகையன் அகப்பட்டான். அத்தனை பேர் முன்னாலும், கட்டின பெண்டாட்டி முனியம்மாள் முன்னாலும், பளாரென்று ஓர் அறை.

இன்றைக்கு அரை மணி முன்பு சைதாப்பேட்டைப் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்த்தான் ஸ்ரீரங்கன். தூண்களைக் காணோம். பாலத்தின் வளைவுக்குள் மரங்கள் முட்டிக்கொண்டிருந்தன. பேட்டைக்கு ஓடினான். பாதி வழியில் காதில் விழுந்தது. விட்டுவிட்டு, விட்டுவிட்டு, விசில்!

அவனுடைய விசில்தான். ஊதியது அவன் இல்லை.

வந்து சேர்வதற்குள் நாற்பது பேருக்கு மேல் குழிக்குள் இறங்கிவிட்டார்கள். குண்டுச் சிதறல் பாயக் கூடாது என்று மடக்கி மடக்கி வெட்டிய குழி அது. ஒரு மடக்கில் இருப்பவருக்கு அடுத்த மடக்கில் இருப்பவர் தெரியாது. ஒருவரை இழுத்துப் போட்டால் மற்றவர்கள் பார்த்து எழுவார்கள் என்பதற்கும் வழி இல்லை.

அடுத்த ஆளின் காதில் கை வைத்தான். அவன் சட்டைக் காலரைப் பின்னாலிருந்து யாரோ பிடித்துத் தூக்கினார்கள். சேற்றில் மல்லாந்து விழுந்தான். மேலே முருகையன். காளவாய் மேட்டில் பச்சைச் செங்கல்லுக்குக் கீற்று மூடிக்கொண்டிருந்தவன், விசில் கேட்டு இறங்கி வந்திருக்கிறான்.

"இன்னா ஐயரே, பொம்பளைங்க காதுல கை வெக்கிற?"

"முருகையா, விடுடா! ஆறு வரது!"

"ஆறு கரைக்கு அந்தாண்ட கீது. இது மழைத் தண்ணி. ஊதி எறக்குனவனும் நீ, எழுப்புறவனும் நீ. இன்னிக்கு எவன் கன்னம் வோணும் ஒனக்கு?"

"சத்தியமா நான் ஊதலைடா!"

"பின்ன? ஜப்பான்காரன் வந்து ஊதிட்டுப் போனானா?"

ஸ்ரீரங்கன் எழ முயன்றான். முருகையனின் கால் அவன் மார்பில் ஏறியது.

"எழுந்திருக்காதே. நீட்டு விசில் வரலே இல்ல? படு. நீ கத்துக்குடுத்ததுதானே?"

அப்போது தெருமுனையிலிருந்து நூர் முஹம்மது மூச்சிரைக்க ஓடி வந்தார். மெத்தைக்குப் பஞ்சு கொட்டுகிறவர். ஹாஜிரா பீயின் புருஷர். அவர் கடை வாசல்தான் வார்டன் போஸ்ட். ஸ்ரீரங்கனின் இரும்புத் தொப்பியும் விசிலும் தொங்குவது அவர் கடை ஆணியில்.

"விசில் எங்கே, பாய்?" என்று சேற்றிலிருந்தே கத்தினான் ஸ்ரீரங்கன்.

"ஆணியில தொப்பிதான் கீது, சாமி. நான் பஞ்சு மூட்டைய பரண்ல ஏத்திகினு இருந்தேன். எவனோ எடுத்துகினு போய்ட்டான்." அவர் குழியைப் பார்த்தார். முகம் மாறியது. "அடப்பாவி மனுசா! இந்தப் பள்ளம் வேணாம், தண்ணி நிக்கும்னு தலைபாடா அடிச்சிக்கினேனே! 'ஏரோப்ளேன் மேலேந்து வரும் பாய், கீழேந்து வராது'ன்னு சிரிச்சியே! இப்ப சிரி!"

அதற்கு மேல் ஸ்ரீரங்கனோடு பேச அவருக்கு விருப்பமில்லை. இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டியடித்தார். நீளமாகத்தான் அடிக்கப் பார்த்தார். ஓடி வந்த மூச்சு உடைந்து உடைந்து வந்தது. விட்டுவிட்டுக் கேட்டது.

குழிக்குள் தலைகள் இன்னும் தாழ்ந்தன. ஒருத்தி மடியிலிருந்த குழந்தையின் மேல் கவிழ்ந்து படுத்தாள். அவள் முந்தானை தண்ணீரில் மிதந்தது.

"நிறுத்துங்கோ பாய், நிறுத்துங்கோ!"

அதே நேரத்தில் தெற்கே ஒரு சத்தம். சுமைவண்டி மண்ணைக் கொட்டினாற்போல. ஒருமுறை. பிறகு இன்னொருமுறை.

முருகையன் திரும்பிப் பார்த்தான். கடைசிக் குடிசை, நின்றபடியே நகர்ந்து வந்தது. அதன் இரு பக்கமும் காவி நிறத்தில் தண்ணீர். ஸ்ரீரங்கனின் மார்பிலிருந்த கால் தானாக இறங்கியது.

"முனியம்மா!"

குழி நெடுக ஓடினான். "முனியம்மா! நான்தான்டி கூப்புடுறேன்! எழுந்து வாடி! எல்லாரும் எழுந்திருங்க!"

ஒரு தலை அசையவில்லை. அசையாது. அறை வாங்கிய அன்று சாயங்காலம், பேட்டையையே கூட்டி வைத்து அவன்தான் சொல்லியிருந்தான்: 'இனிமே எந்த நாய் கூப்புட்டாலும் எழுந்து என்னை மாதிரி மானங்கெடாதீங்க. நானே கூப்புட்டாலும் எழுந்திருக்காதீங்க.'

தண்ணீர் முதல் மடக்கில் விழுந்தது. ஹாஜிரா பீயை இடுப்போடு தூக்கி வெளியே போட்டார் நூர் முஹம்மது. அவர் முகத்தில் அவள் நகத்தால் கீறினாள். நாற்பது பேரை இப்படித் தூக்க மூன்று ஆண்களால் ஆகாது. ஸ்ரீரங்கன் அந்தக் கணக்கை ஒரு நொடியில் போட்டுவிட்டான்.

விசிலை எடுத்தவர் எங்கே? ஊதியவருக்கும் இதே பாடம்தான் நடந்திருக்கிறது. ஊதிவிட்டு எங்கே போயிருப்பார்?

குழிக்குள்!

குதித்தான். இந்தத் தடவை யாரையும் இழுக்கவில்லை. எழுந்திரு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. காதுப் பஞ்சைப் பிடுங்குவான், குனிவான், சொல்வான்.

"விசில் ஒங்கிட்ட இருந்தா ஊதிடு. யாரு எடுத்தான்னு கேக்க மாட்டேன். நீட்டி ஊது. கும்பிட்டுக் கேக்கறேன்."

அடுத்த காது. அடுத்த மடக்கு. ஒருவன் முழங்கையால் அவன் மூக்கில் இடித்தான். ஒரு கிழவர் காறித் துப்பினார். சட்டைக்குள் பூணூல்வரை சேறு. தண்ணீர் தொடைக்கு ஏறியது. குந்தியிருந்தவர்களுக்கு அது கழுத்து. மூன்றாவது மடக்கு. நான்காவது. குனிந்து குனிந்து ஒரே வாக்கியம். "கும்பிட்டுக் கேக்கறேன்." ஐந்தாவது மடக்கில் வரிசையாகப் பெண்கள். முகம் பார்க்கவும் நேரமில்லை. பஞ்சு, குனிவு, வாக்கியம். பஞ்சு, குனிவு, வாக்கியம். கடைசி ஆளும் முடிந்து, எதிரே மண்சுவர்.

அவ்வளவுதான். சுவரில் நெற்றியை வைத்தான்.

முதுகுக்குப் பின்னால் விசில் ஒலித்தது.

நீட்டி. கால் நிமிஷம் விடாமல்.

நாற்பது பேரும் ஒரே ஆள் மாதிரி எழுந்தார்கள். எழுந்த பிறகுதான் குழிக்கு வெளியே ஓடி வந்த ஆற்றைப் பார்த்தார்கள். அலறல் அப்போதுதான் புறப்பட்டது. கையில் குழந்தை, தோளில் கிழவர், காளவாய் மேட்டை நோக்கி ஓட்டம். கடைசியாக ஏறியவன் ஸ்ரீரங்கன். திரும்பிப் பார்த்தபோது குழி இருந்த இடமும் ஆறு, குடிசைகள் இருந்த இடமும் ஆறு.

மேட்டில் தலைகளை எண்ணினார்கள். எல்லாரும் இருந்தார்கள். ஒருவர் முகத்திலும் சந்தோஷம் இல்லை. எண்ணி முடித்த முருகையன் நேரே வந்து ஸ்ரீரங்கனின் கழுத்தில் துண்டைப் போட்டு முறுக்கினான்.

"மொதல்ல ஊதி எங்கள அதுக்குள்ள தள்ளுனது எவன்? சொல்லு. சொல்லலேன்னா இப்டியே ஆத்துல எறங்கு!"

"தெரியாது. கேக்க மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேன்."

"வாக்காம் வாக்கு! எவன்கிட்ட குடுத்தே? தள்ளுங்கடா இவன!"

பத்துக் கைகள் அவன் மேல் விழுந்தன. பின்னங்கால் மேட்டின் விளிம்பைத் தாண்டியது. கீழே காவித் தண்ணீர் சுழன்றது. நூர் முஹம்மது தடுக்கவில்லை. வேறு பக்கம் பார்த்தார்.

"உடுய்யா அவர."

முனியம்மாள். ஈரத்தில் நடுங்கிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வந்தாள்.

"ரெண்டு தபாவும் ஊதினது நான்தான்."

முருகையனின் கையில் துண்டு தளர்ந்தது. "நீயா? இன்னாத்துக்குடி விசிலத் தொட்டே?"

"உன்ன அறைஞ்சாரு இல்ல? ஆத்துல கடாசிடலாம்னு பாய் கடையிலேந்து எடுத்துகினு கரைக்குப் போனேன். கைய ஓங்கிட்டேன். அப்பதான் பாத்தேன், தண்ணி கரைக்கு ஒரு முழம் கீழ கீது. ஆபத்துன்னா இன்னா பண்ணணும்னு இந்த ஐயரு மூணு மாசமா ஒண்ணே ஒண்ணுதான் கத்துக்குடுத்தாரு. ஊதினேன்."

"அப்புறமாச்சும் நீட்டி ஊதியிருக்கலாமேடி, பாவி!"

"ஆபத்து போனாத்தான் நீட்டி ஊதணும். போவலியே. இவரே கும்பிட்டுக் கேட்டப்புறந்தான் ஊதினேன்." அவள் ஸ்ரீரங்கனை நேராகப் பார்த்தாள். "எல்லாரும் எறங்குனாங்க. ஆறு வருதுன்னு எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிஞ்சேதான் நானும் எறங்குனேன்."