மீந்த மருந்து

முத்துக்கிருஷ்ணன் முதலாளி ஐம்பத்தெட்டு வயதில் இங்கிலீஷ் படிக்க உட்கார்ந்திருக்கிறார் என்ற செய்தி, அச்சங்குளம் விலக்கில் ஷேர் ஆட்டோ ஏறி, நேராகத் தெருக் குழாயடியில் வந்து இறங்கியது. சொல்லிக்கொடுப்பது யார் என்று தெரிந்ததும் செய்திக்கு ருசி கூடிவிட்டது. அவருடைய பட்டாசுக் கம்பெனியில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கும் குருவம்மாளின் மகள் சினேகா. பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு சாத்தூரில் ஜெராக்ஸ் கடையில் நின்றுகொண்டிருந்தவள்.

காரணம் ஒன்றும் ரகசியமில்லை. கம்பெனிக்குப் பின்னால் கிடக்கும் கண்மாயைச் சீர்படுத்த வெளிநாட்டு அறக்கட்டளை ஒன்று கூட்டாளி தேடியது. கம்பெனி, ஊர், அறக்கட்டளை மூன்றும் கைகோக்க வேண்டுமாம். அந்தப் பெயர் இருந்தால் வடக்கே பெரிய கடைகளின் ஆர்டர் தானாக வரும் என்று யாரோ முதலாளியின் காதில் ஓதியிருந்தார்கள்.

ஆபீஸ் அறையில் பத்து நாள் பாடம் நடந்தது. ‘வீ ஆர் ஈக்வல் பார்ட்னர்ஸ்’ என்பதை அவர் தேர்தல் கோஷம் போலச் சொன்னார். உடன்பாடில்லை என்பதை மரியாதையாகச் சொல்வது எப்படி என்று சினேகா ஆரம்பித்தபோது, முடியாது என்பதற்கு எதற்கம்மா மரியாதை என்று உண்மையாகவே கேட்டார். பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது பற்றிய வாக்கியம் மட்டும் கடைசிவரை அவர் நாக்கில் ஏறவில்லை.

சினேகாவுக்கு இதில் சொந்தக் கணக்கு ஒன்று இருந்தது. கம்பெனி ஓடை கண்மாயில் விழுகிறது. கண்மாய்த் தண்ணீர் ஊறித்தான் தெருக் குழாயில் வருகிறது. இரண்டு வருஷமாக அது மஞ்சளாக வருகிறது, குளித்தால் பிள்ளைகளுக்குத் தோல் உரிகிறது. ஓடையில் கழிவு வருகிறது என்று கூட்டாளிகளில் யாராவது ஒருவர் சொன்னால் போதும், அதை வடிகட்ட ஒரு தொட்டி கட்டித் தருவதாக அறக்கட்டளையின் காகிதத்தில் இருந்தது. அவள் அதை மூன்று தடவை படித்துவிட்டு முதலாளியிடம் காட்டினாள்.

“தொட்டி கட்டுனா, எதுக்குக் கட்டுனேன்னு லைசென்ஸ்காரன் கேப்பான் தாயி. அந்தப் பேச்சே அங்கன வரக் கூடாது” என்றார் அவர். கழிவு முழுவதும் தினமும் பாதுகாப்பாக அப்புறப்படுத்தப்படுகிறது என்று இங்கிலீஷில் ஒரு வரி எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தாள். சீசன் முடிந்ததும் ஆபீஸிலேயே அவளுக்கு வேலை என்றார். உன் அம்மாவும் இங்கேதானே இருக்கிறாள் என்று, அன்பாகத்தான், சேர்த்துக்கொண்டார்.

அறக்கட்டளை அம்மா, மரியான் என்று பெயர், வந்த அன்று ஒரு கூத்து நடந்தது. ஊர் சார்பில் பேச மூன்று பெண்களுக்கு முதலாளி ஒரு வாரம் பயிற்சி கொடுத்து வைத்திருந்தார். ஆனால் அந்தப் பக்கத்துக் கம்பெனிகளில் வெள்ளைக் கார் வந்தாலே சோதனை என்று அர்த்தம். வேலையாட்கள் பின் கேட் வழியாகக் கருவேலங்காட்டுக்குள் போய்விட வேண்டும். கார் உள்ளே திரும்பியதும் பழகிய கால்கள் ஓடிவிட்டன. பயிற்சி பெற்ற மூவரும்தான் முன்னால் ஓடினார்கள். மூட்டுவலியால் ஓட முடியாத குருவம்மாள் மட்டும், பட்டாசுக்கு வெடிமருந்து கலக்கும் மருந்து ரூம் வாசலில் நின்றாள். மரியான் சிரித்துக்கொண்டே அவளிடம் போய்விட்டார்.

சாயங்காலம் மிச்சமாகும் மருந்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். மொழிபெயர்க்கக் கூடவே நின்ற சினேகா அதைத் தமிழில் சொன்னாள். தன் தொழிலைப் பற்றி இதுவரை யாரும் கேட்டிராத குருவம்மாள், அலுமினியத் தூள் ஏறிய கைகளைச் சேலையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

“ஒரு சிட்டிகை மருந்த மறுநாளைக்குத் தங்க விட மாட்டோம் தாயி. மீந்தா சூடேறி வெடிச்சிரும். அம்புட்டையும் தண்ணியில கரைச்சு, ஓடையில விட்டுட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். பக்கத்து ரூம் ரெண்டு தடவ எரிஞ்சிருக்கு. என் ரூமுல ஒரு பொறி பறந்ததில்ல.”

எல்லாம் வெளியே வந்துவிட்டது. இனி அதை அப்படியே அந்தப் பக்கம் தூக்கி வைக்க வேண்டியதுதான் சினேகாவின் வேலை. முதலாளி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சினேகா, முதலாளிக்கு எழுதிக் கொடுத்த அந்த ஒரு வரியை இங்கிலீஷில் சொன்னாள். உச்சரிப்பு சுத்தமாக இருந்தது.

இந்த அம்மா அவ்வளவு நேரம் பேசினாரே, இவ்வளவுதானா என்று மரியான் கேட்டார். தன் வேலையில் அவருக்குப் பெருமை அதிகம் என்றாள் சினேகா. அது பொய்யில்லை. மரியான் இரண்டையும் எழுதிக்கொண்டார். முதலாளி முன்னால் வந்து, ‘ஈக்வல் பார்ட்னர்ஸ்’ என்று கை நீட்டினார்.

காட்டிலிருந்து திரும்பி ஜன்னலோரம் நின்று கேட்ட, கூட வேலை பார்க்கும் பாண்டிமீனாவுக்குத் தமிழ் மட்டும்தான் புரிந்தது. போதாதா? ஓடை விஷயத்தைக் குருவக்கா வெள்ளைக்காரம்மாவிடம் போட்டு உடைத்துவிட்டாள், இனி தொட்டி வந்துவிடும், நல்ல தண்ணீர் வந்துவிடும் என்று பொழுது சாய்வதற்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். தான் இவ்வளவு பெரிய காரியம் செய்தது குருவம்மாளுக்கே அப்போதுதான் தெரிந்தது. மறுநாளிலிருந்து குழாயடியில் முதல் குடம் அவளுக்கு.

நான்கு மாதத்தில் கண்மாய்க் கரையில் மரக்கன்றுகள் வந்தன, உட்கார சிமெண்டு பெஞ்சு வந்தது, மூன்று கூட்டாளிகளின் பெயரோடு கல்வெட்டு வந்தது. கழிவே வராத ஓடைக்குத் தொட்டி எதற்கு?

குழாயில் மஞ்சள் கூடிக்கொண்டே போனது. தொட்டி எங்கே என்று குழாயடியில் ஒருத்தி கேட்டாள். ஆபீஸுக்குக் கிளம்பி வந்த மகளைக் குருவம்மாள் நிறுத்தினாள்.

“ஏட்டி, நீயே சொல்லு. நான் சொன்னத அந்தம்மா எழுதிக்கிட்டாகல்ல?”

குடம் பிடித்திருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

“எழுதிக்கிட்டாகம்மா” என்றாள் சினேகா.

“பாத்தீகளா” என்று சொல்லிவிட்டு, குருவம்மாள் தன் குடத்தை முதலில் வைத்தாள்.