ஆலாக்களுக்குக் கீழே

படகில் ஏறும் முன் ராமசெல்வி மேடம் மூன்று விஷயங்களைச் சொன்னார். எழுந்து நிற்கக் கூடாது. கையை நீட்டிப் பறவையைக் காட்டக் கூடாது. சத்தம் கூடாது. விருந்தினர்களுக்குச் சொல்வதுபோல்தான் சொன்னார், ஆனால் பார்வை என் மேல் இருந்தது. அன்று காலை எனக்குத்தான் பரீட்சை.

பறவைப் படம் எடுப்பவர்களைக் கூட்டிக்கொண்டு போவது அவர் தொழில். எம்.கே.பி. நகரில் அவர் குடும்பத்துக்கு மளிகைக் கடை உண்டு. அதன் மாடியில் ஒரு மேசை போட்டுத் தொடங்கியது. எண்ணூர், பழவேற்காடு, அப்புறம் மலையேறி வால்பாறை, அங்கிருந்து இறங்கித் தட்டேக்காடு என்று பத்து நாள் பயணம். வழக்கமாகப் போகும் வழிகாட்டி துபாய்க்குப் போய்விட்டார். இன்று இந்த இரண்டு பேரை ஒழுங்காகக் கூட்டிப் போய் வந்துவிட்டால் அந்த இடம் எனக்கு. வெள்ளிக்கிழமை வண்டி புறப்படுகிறது.

எனக்கு அந்த வால்பாறைக் காடு வேண்டும். நூலகத்தில் எடுத்துப் படிக்கும் மொழிபெயர்ப்பு நாவல்களில் வாரக்கணக்கில் மழை விடாத காடுகள் வரும். அங்கே போகிறவர்களுக்கு ஏதாவது ஆகிவிடும். சிலருக்குக் காதல், சிலருக்குப் பைத்தியம். எனக்கு எட்டு மாதமாக எதுவும் ஆகவில்லை. அப்பாவை அடக்கம் செய்த அன்று, பிடிமண் போட்டுவிட்டுக் கையில் ஒட்டிய ஈரத்தைப் பேண்டில் துடைத்தேன். அது மட்டும்தான் நினைவில் இருக்கிறது. அழவில்லை. அப்பாவின் படகை விற்றபோதும் அழவில்லை. டீ சூடாக இருக்கிறது என்பது ஒரு தகவலாகத்தான் வந்து சேர்கிறது. அப்படி ஒரு காட்டில் போய் நின்றால் உடம்பில் ஏதோ ஒன்று அசையும் என்று நினைத்தேன். அட்டையாவது கடிக்கும்.

முகத்துவாரக்குப்பத்தில் தேசப்பன் மாமா படகோடு காத்திருந்தார். காசிமேட்டில் அப்பாவோடு தொழில் செய்தவர். விருந்தினர் வேதமாணிக்கம் சார் உறையிலிருந்து லென்ஸை எடுத்தபோது, "இன்னா நைனா, பட்சி புடிக்க பீரங்கி எத்துனு வந்துகிறாரு?" என்று என் காதில் கேட்டார்.

சாருக்கும் அது கேட்டுவிட்டது. பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோபப்படவில்லை. அவர் மனைவி தேவகிருபை அம்மாதான் சிரித்தார்.

"பீரங்கின்னா ஒரு தடவை சுட்டுட்டு விட்ருவாங்கய்யா. இவரு விடமாட்டாரு. மகன் கல்யாணத்துல என்னைய ஒரு போட்டோ எடுக்கல. ஒரு உள்ளான் வாலை நாப்பது எடுத்திருக்காரு."

"கிருபை, அது வால் இல்ல. அலகு."

"எந்தப் பக்கமோ."

ராமசெல்வி மேடம் உதட்டில் விரல் வைத்தார். படகு கிளம்பியது.

தண்ணீர் சாம்பல் நிறத்தில் இருந்தது. அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் மூன்றும் அன்று ஒரே திசையில் புகைந்தன. அதுவும் நல்லதுதான், காற்று எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும். சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு, உப்பளப் பக்கத்துச் சேற்றுத்திட்டுக்கு அழைத்துப் போனேன். மஞ்சள் மூக்கு நாரைகள் ஒன்பது இருந்தன. மின்கம்பி பின்னால் தெரியாதபடி எந்தக் கோணம் என்று சாரின் காதோரம் சொன்னேன். ஓர் அரிவாள் மூக்கன் எங்களைப் பார்க்காமல் படகின் அருகே வரை நடந்து வந்தது. சார் மூச்சை அடக்கிக்கொண்டு எடுத்தார். எடுத்து முடித்ததும் என் தொடையில் லேசாகத் தட்டினார்.

"மழைக்கோட்டு இருக்கா நோயல்?" என்று மேடம் மெல்லக் கேட்டார். "வால்பாறையில நனைஞ்சா காயாது."

"வாங்கிக்கறேன் மேடம்."

இடம் கிடைத்துவிட்டது என்று புரிந்தது. சந்தோஷப்படலாம் என்று முயன்றேன். கம்பியில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாருக்கு ஒரே ஓர் ஆசை மிச்சம் இருந்தது. பெரிய ஆலா என்ற கடற்பறவை, சிவந்த அலகு உள்ளது. அது தண்ணீரில் விழுந்து, வாயில் மீனோடு நேராகக் கேமராவைப் பார்த்து எழ வேண்டும். நான்கு வருடமாக அந்த ஒரு படத்துக்காக அலைகிறாராம். கோடியக்கரைக்கு இரண்டு தடவை போயிருக்கிறார்.

முகத்துவாரத்து மணல்திட்டில் ஆலாக்கள் உட்கார்ந்திருந்தன. இருநூறுக்குக் குறையாது. நான் தலையசைத்ததும் மாமா இன்ஜினை நிறுத்திவிட்டுக் கழியால் தள்ளினார். படகு சத்தமில்லாமல் நெருங்கியது. ஏற்றத் தண்ணீர் கடலிலிருந்து உள்ளே வந்துகொண்டிருந்தது. ஓர் ஆலா எழுந்தது, அப்புறம் ஐந்து, பிறகு பாதிக் கூட்டம். எங்களுக்கு முன்னால் இருபது அடியில் விழுந்து விழுந்து எழுந்தன. வெளிச்சம் சரி. காற்று எங்கள் முதுகில். சார் முழங்காலை ஊன்றிக்கொண்டார். சிவந்த அலகுக்காரன் ஒருவன் மேலே நின்று இறக்கையை அடித்துக்கொண்டு, கீழே குறி பார்த்தான்.

நான் கீழே பார்த்தேன். தண்ணீரின் தோல் சுருங்கி ஒரு கறுப்புத் திட்டாக நகர்ந்தது. திட்டின் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாகத் துள்ளின.

"மாமா! மடவ! மடவ மாமா! வலங்கைப் பக்கம்! வுடு, வலைய வுடு!"

நான் எழுந்து நின்றிருந்தேன். கை முழுதாக நீண்டிருந்தது. பதினாறு வயதிலிருந்து எட்டு வருடம் அப்பாவின் படகு முனையில், அணியத்தில் உட்கார்ந்து மீன் பார்த்ததுதான் என் வேலை. பார்த்தால் எழுந்து கத்த வேண்டும். ஒரு நொடி தாமதித்தால் கூட்டம் கலைந்துவிடும். தேசப்பன் மாமா யார் முகத்தையும் பார்க்கவில்லை. கழியைப் போட்டுவிட்டு, காலடியில் கிடந்த வீச்சு வலையைத் தூக்கி எறிந்தார். வலை வட்டமாக விரிந்து விழுந்தது. ஆலாக்கள் எல்லாம் ஒன்றாகக் கத்திக்கொண்டு எழுந்து, எங்கள் தலைக்கு மேல் சுற்றி, காட்டுப்பள்ளிப் பக்கம் போய்விட்டன.

படகு ஆடியது. மாமா கயிற்றை இழுத்துக்கொண்டே, "புடி நோயலு, கனக்குது" என்றார். பிடித்தேன். கனத்தது.

"யம்மாடி, எவ்வளவு மீனு!" என்றார் தேவகிருபை அம்மா.

வேதமாணிக்கம் சார் கேமராவின் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். வானம், மங்கலாக ஒரு சிவப்பு அலகு, அதற்குக் குறுக்கே யாருடைய முழங்கையோ. என்னுடையது. அவர் திட்டவில்லை. அடுத்த படத்துக்கு நகர்த்தினார். அதிலும் முழங்கை.

"நேர்ல பாத்துட்டீங்கல்ல, விடுங்க" என்றார் அம்மா.

"பாக்கல கிருபை. கண்ணு கேமராவுல இருந்துச்சு."

கரைக்கு வந்ததும் மேடம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"காட்டுல ஒரு யானைக்கு முன்னாடி இப்படி எந்திரிச்சா என்னப்பா ஆகும்?"

"அங்க மீன் இல்லையே மேடம்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, கார்க் கதவைத் திறந்து கையை அதன் மேல் வைத்தபடி நின்றார்.

"உன் அளவுக்குப் பறவை தெரிஞ்ச ஆள் எனக்குக் கிடைக்கப் போறதில்ல. ஆனா எல்லாரும் ஒரு படத்துக்காக வர்றாங்க. நான் வேற ஆள் பாத்துக்கறேன். தப்பா எடுத்துக்காதே."

"சரி மேடம்."

கெஞ்சியிருக்கலாம். இனிமேல் இப்படி ஆகாது என்றாவது சொல்லியிருக்கலாம். ஆகாது என்று எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. கார் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே புகுந்து போனது.

தேசப்பன் மாமா மணலில் உட்கார்ந்து வலையிலிருந்து மீனைப் பிரித்துக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து பிரித்தேன். எல்லாம் கையளவு மடவை.

"ஆத்துல எண்ணெ கலந்து வந்த வருசத்துக்கு அப்பாலே இந்த முகத்துவாரத்துல இம்மாம் மீன் நான் பாக்கலடா" என்றார். இன்னும் இரண்டு மீனைப் பிரித்துப் போட்டுவிட்டு, "உன் பொழப்புல மண்ணு போட்டுட்டேன். நீ கத்துன, கை நிக்கல" என்றார்.

"நான்தான மாமா கத்துனேன்."

"அது கரீட்டு."

ஒரு பையில் பதினைந்து மீன் போட்டு நீட்டினார். வேண்டாம் என்றேன்.

"மொத பாத்தவன் பங்கு. வாங்காம போனா அடுத்த தபா எவன் கண்ணுலயும் மீன் படாது. பேஜாரு பண்ணாத, புடி."

வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மீன் வாடைக்கு எழுந்து வேறு இருக்கைக்குப் போனார். எழுந்து நின்ற அந்த நொடியில் எனக்கு என்ன இருந்தது என்று யோசித்துப் பார்த்தேன். பயம் இல்லை, சந்தோஷமும் இல்லை. அப்பாவின் நினைவுகூட இல்லை. என்னைக் கேட்காமலே உடம்பு எழுந்திருக்கிறது. கால்சட்டையில் செதில்கள் ஒட்டிக் காய்ந்திருந்தன. ஒவ்வொன்றாகச் சுரண்டினேன். மழைக்கோட்டு வாங்க வேண்டியதில்லை.

திருவொற்றியூர் தேரடி தாண்டும்போது அம்மா போன் செய்தார்.

"இன்னாடா, உன்ன வேலைக்கு எத்துகினாங்களா?"

"இல்லம்மா. வேற ஆள் பாத்துக்குறாங்களாம்."

"ஏன்டா? இன்னா பண்ண?"

"படகுல கத்திட்டேன்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு மறுபடி வந்தார்.

"யாரு? நீயா கத்துன?"

"ம்."

"நீயா?"

"ஆமாம்மா. மீன் பாத்துட்டேன்."

எட்டு மாதமாக வீட்டில் நான் பேசுவதே குறைவு. அதிலும் அம்மா இரண்டாம் தடவை கேட்டால்தான் பதில் வரும். அவர் மூக்கை உறிஞ்சுவதுபோல் இருந்தது. பேருந்து இரைச்சலில் சரியாகத் தெரியவில்லை.

"எவ்ளோ சத்தமா கத்துன?"

யோசித்துப் பார்த்துவிட்டுச் சொன்னேன்.

"பட்சி அல்லாம் பறந்து பூட்ச்சும்மா."