பார்த்துட்டேன் மாமா

மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று அந்த வீட்டில் முதலில் சொன்னது யார் என்று இனிமேல் கண்டுபிடிக்க முடியாது. கல்யாணமான புதிதில் ஒரு நாள் மாமனார் வீட்டுப் பிரிண்டர் மக்கர் பண்ணியது. மாப்பிள்ளை மேஜைக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். வயர் கழன்றிருந்தது. செருகினார். பிரிண்டர் கடகடவென்று ஓடியது. வயர் கழன்றிருந்தது என்று சொல்லிவிட்டு எழுந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மனிதர் கையைத் தட்டிக்கொண்டு, "ஒண்ணும் இல்ல, சின்னப் பிரச்னை, சரி பண்ணிட்டேன்" என்று எழுந்தார். கெட்ட நேரம் என்று நான் சொல்லமாட்டேன். நேரத்தின் மேல் ஏன் பழி போட வேண்டும்? நாக்கு அவருடையதுதானே.

அவருக்கு வேலை ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில். அடிபட்ட கார்களின் போட்டோக்களைப் பார்த்து, எது விபத்தில் நசுங்கியது, எது அதற்கு முன்னமே நசுங்கியிருந்தது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பார், அவ்வளவுதான். தினமும் பஸ்ஸில் போகிறவருக்குப் பஸ் ஓட்டத் தெரியும் என்று யாரும் நினைப்பதில்லை. ஆனால் மாப்பிள்ளை என்றால் கணக்கே வேறு.

மாமனாரை அவருடைய சிநேகிதர்கள் கட்டக்காரர் என்று கூப்பிடுவார்கள். ஒரு வாரப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துப் புதிர் போடுகிறவர். லேசான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு முறை போட்டுப் பார்க்கட்டும். தமிழில் புள்ளி வைத்த எழுத்தில் எந்தச் சொல்லும் தொடங்காது. அதனால் குறுக்கே போகிற சொல்லின் புள்ளி எழுத்து எந்தக் கட்டத்தில் விழுகிறதோ, அங்கிருந்து கீழே ஒரு சொல்லைத் தொடங்கவே முடியாது. இந்த ஒரு தொல்லைக்காக மனிதர் பல் தேய்க்கும்போதுகூட முணுமுணுத்துக்கொண்டிருப்பார். 'காலுக்கு அடியில் இருக்கும், கண்ணுக்கு வேலை வைக்கும்' என்று ஒரு முறை குறிப்புக் கொடுத்திருந்தார். விடை 'படி'. அதைக் கண்டுபிடிக்க முடியாமல் போன கோபத்தில் மாமியார் ஒரு வாரம் அவரோடு பேசவில்லை.

இப்படிப்பட்டவரைத் தேடி ஒரு பதிப்பாளர் வந்து, புத்தம் புதிதாக நூறு புதிர்கள் போட்டுக் கொடுங்கள், புத்தகமாகக் கொண்டுவருகிறேன் என்று சொன்னார். மாமனாருக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷமும் அவர் போட்டதெல்லாம் வாரா வாரம் குப்பைக்குப் போன காகிதம். முதுகில் தன் பெயர் அச்சடித்த ஒரு புத்தகம் அலமாரியில் நிற்கப்போகிறது. காகிதத்தையே தொடாமல் நேராகக் கம்ப்யூட்டரிலேயே போட ஆரம்பித்தார்.

கம்ப்யூட்டரோ கிழடு. ஹார்ட் டிஸ்க் நிரம்பி முனகியது. ஃபிளாப்பிகள் ஒவ்வொன்றாகக் காலை வாரின. கடைக்காரர் வந்து ஒரு சி.டி. ரைட்டரை மாட்டிவிட்டு, அழித்து எழுதுகிற சி.டி.க்கள் கொஞ்சம் கொடுத்தார்.

"சாதாரணமா சி.டி.ன்னா எல்லாத்தையும் சேர்த்து ஒரே மூச்சுல எழுதணும் சார். பாக்கெட் ரைட்டிங் சாஃப்ட்வேர் போட்டுட்டீங்கன்னா இன்னிக்குக் கொஞ்சம் நாளைக்குக் கொஞ்சம்னு எழுதலாம். அழிக்கலாம், திருத்தலாம், ஃபிளாப்பி மாதிரியே. பொட்டலம் பொட்டலமா எழுதும்."

"பொட்டலமா? மளிகைக் கடை வைக்கப் போறாரா?" என்றார் உள்ளேயிருந்து மாமியார்.

"ஆனா கண்டதையும் நம்பிடாதீங்க" என்றார் கடைக்காரர். "என்கிட்ட ரெண்டு இருக்கு. யாரையாவது போட்டுப் பார்க்கச் சொல்லுங்க. எழுதி, அழிச்சு, திரும்ப எழுதி, அப்புறம் அந்த சி.டி.யை வேற கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்க்கணும். அங்கேயும் திறந்துச்சுன்னா சரி."

யாரையாவது என்றால் வேறு யார்? மாமனார் இரண்டு சாஃப்ட்வேர் பெட்டிகளையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்கு வந்தார். "பார்த்துச் சொல்லுங்க மாப்பிள்ளை. உங்களுக்கு நேரம் ஒழியறப்ப போதும்" என்றார்.

மாப்பிள்ளைக்கு ஒழியாமல் இல்லை. ஒவ்வொரு சாயங்காலமும் சோபாவில் சாய்ந்தபடி அந்தப் பெட்டிகளைப் பார்ப்பார். ஒன்று நீலம், ஒன்று வெள்ளை. நாளைக்குப் பார்க்கலாம் என்று டி.வி. பக்கம் திரும்பிக்கொள்வார். இருக்கட்டும் என்று இரண்டுக்கும் ஒரு நகல் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். இனாமாகக் கிடைத்ததை விடக்கூடாது என்பதில் மட்டும் சுறுசுறுப்பு.

அடுத்து மாமனார் வீட்டுக்குச் சாப்பிடப் போன ஞாயிற்றுக்கிழமை, எல்லோரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்தபோது, "என்ன மாப்பிள்ளை, அதைப் பார்க்க முடிஞ்சுதா?" என்று மாமனார் தயங்கித் தயங்கிக் கேட்டார். மாமியார், மனைவி, மச்சினி மூன்று பேரும் திரும்பினார்கள்.

"ஓ, ரெண்டையும் பார்த்துட்டேன் மாமா. நீலத்தையே போடுங்க."

நீலம் ஏன்? அந்தப் பெட்டியில் ஒரு பூட்டுப் படம் இருந்தது. வேறு காரணம் கிடையாது. பார்த்துட்டேன் என்றதும் அப்படியொன்றும் பச்சைப் பொய் இல்லை. பெட்டியைப் பார்த்தார். கண்ணால் பார்த்தாலும் பார்த்தது, சோதித்துப் பார்த்தாலும் பார்த்தது. தமிழில் இப்படி ஒரு வசதி இருக்கிறது.

அதோடு நிறுத்தினாரா? மனைவி பெருமையாகப் பார்க்கிறாள் என்றதும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார். "ஹார்ட் டிஸ்க்கை இனிமே நம்பாதீங்க மாமா. எல்லாத்தையும் சி.டி.க்கு மாத்திட்டு அங்க அழிச்சிடுங்க. மெஷினும் லேசாகும்."

மாமனார் தலையாட்டினார். வேறு ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

நூறாவது புதிரும் முடிந்து, மாப்பிள்ளை சொன்னபடியே ஹார்ட் டிஸ்க்கில் இருந்ததை அழித்துவிட்டு, மாமனார் சி.டி.யைப் பதிப்பாளரிடம் கொண்டுபோனார். அங்கே போட்டார்கள். காலி. வீட்டுக்குத் திரும்பி ஓடிவந்து தன் கம்ப்யூட்டரில் போட்டார். அதுவும், இந்த சி.டி.யில் ஒன்றும் இல்லை, புதிதாகத் தயார் செய்யட்டுமா என்று கேட்டது. பதிப்பாளர் நல்ல மனிதர்தான். அச்சகத்தில் அந்த இடத்துக்கு வேறு புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, அடுத்த வருஷம் பார்க்கலாம் சார் என்றார். அடுத்த வருஷம் என்பதற்கு என்ன அர்த்தம் என்று கட்டக்காரருக்கா தெரியாது?

விஷயத்தை மனைவிதான் போனில் கேட்டுவிட்டு வந்து சொன்னாள். "அப்பா ஏதோ பட்டனை மாத்தி அழுத்திட்டாராம். அத்தனையும் போச்சு. அம்மா திட்டித் தீர்க்கிறாங்க. நீங்க அவ்வளவு பார்த்துச் சொல்லியும்..."

மாப்பிள்ளை எழுந்து டி.வி.யை அணைத்தார். அவள் குளிக்கப் போன பிறகு நகல்களை எடுத்தார். நீலத்தைப் போட்டார். எழுதினார், ஒன்றை அழித்தார், மறுபடி எழுதினார். சி.டி.யை வெளியே எடுத்து மனைவியின் ஆபீஸ் லாப்டாப்பில் போட்டார். காலி. வெள்ளையிலும் அதையே செய்தார். எல்லாம் ஒழுங்காக வந்து நின்றன. பக்கத்தில் வைத்திருந்த டீ இன்னும் ஆறவில்லை. இவ்வளவுதான் வேலை. அவருக்குக் காது மடல் சுட்டது. அழுக்கைத் தொட்டுவிட்ட மாதிரி கையைத் தொடையில் துடைத்துக்கொண்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்குப் போனதும் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மாமனாரின் அறைக்குள் போனார். கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடியிருந்தது. மாமனார் ஸ்கேல் வைத்துக் காகிதத்தில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தார். ஞாபகத்தில் இருப்பதை இறக்கி வைக்கிறாராம். சொற்கள் வருகின்றன, எது எதைக் கடந்து போனது என்பதுதான் வரவில்லை என்றார்.

"மாமா, நீங்க எதையும் மாத்தி அழுத்தலை. நான் அதைச் சோதிச்சே பார்க்கலை. பெட்டியைத்தான் பார்த்தேன்."

மாமனார் ஸ்கேலை நகர்த்தவில்லை. "தெரியும் மாப்பிள்ளை" என்றார்.

"இப்பவா?"

"அன்னிக்கே. நெஜமாப் பார்த்திருந்தா நாலு குறை சொல்லியிருப்பீங்க. இது மெதுவா எழுதுது, அது அடிக்கடி நிக்குதுன்னு. நீங்க ஒரு குறையும் சொல்லலை. பார்க்காதவங்கதான் குறை சொல்லமாட்டாங்க."

"அப்புறம் எதுக்கு மாமா அதையே போட்டீங்க? நீங்களே ஒரு தடவை..."

"நாலு பேர் முன்னாடி சொல்லிட்டீங்களே. அதுக்கப்புறம் நான் உட்கார்ந்து சோதிச்சா, சாஃப்ட்வேரைச் சோதிச்ச மாதிரியா இருக்கும்? வீட்டு மாப்பிள்ளையைச் சோதிச்ச மாதிரி ஆயிடாதா?" என்று கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எப்படியாவது ஓடிடும்னு நெனச்சேன். விடுங்க. என் பொண்ணு உங்களை எப்படிப் பார்க்கிறாளோ அப்படியே பார்க்கட்டும். இது இந்த அறையோட போகட்டும்" என்றார்.

மாப்பிள்ளைக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்றிருந்தது. திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்த மனிதர் தெரிந்தே நூறு புதிர்களையும் இவருடைய வார்த்தையின் மேல் வைத்திருக்கிறார். இதை மூடிவைத்துக்கொண்டு இனி இந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட முடியாது என்று தோன்றியது.

மேஜையில் எல்லோரும் உட்கார்ந்ததும் மாமியார் ஆரம்பித்தார். "கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்தாத்தானே! விரல் எங்க போகுதுன்னு பார்த்து அழுத்தக் கூடாது?"

"அத்தை, மாமா மேல தப்பு இல்ல. தப்பு என்னோடது. நான் பார்க்காமலேயே பார்த்துட்டேன்னு சொன்னேன்."

சொல்லிவிட்டார். மூச்சு கொஞ்சம் லேசாக வந்தது. அதற்குள் மாமனார் கடகடவென்று சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து யாரும் கேட்டதில்லை.

"பார்த்தியா, பார்த்தியா! நான் திட்டு வாங்கறதைப் பார்க்கப் பொறுக்கலை. அதான் தன் தலையில போட்டுக்கறார்."

மாமியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "எவ்வளவு பெரிய மனசு மாப்பிள்ளை உங்களுக்கு!"

"இல்ல அத்தை, சத்தியமாச் சொல்றேன்."

"போதும் போதும், சத்தியமெல்லாம் எதுக்கு? எங்களுக்குத் தெரியாதா உங்களை?" என்று மாமியார் அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சாதம் வைத்தார். மாப்பிள்ளை மறுக்க மறுக்க அவருடைய மனசு பெரிதாகிக்கொண்டே போனது. மாமனார் எதிரிலிருந்து, விட்டுவிடுங்கள் என்கிற மாதிரி பார்த்தார்.

மச்சினியும் அந்த நேரம் பார்த்துக் கேட்டாள். "அத்தான், எங்க ஆபீஸ்ல எல்லா ஃபைலையும் சி.டி.க்கு மாத்தறாங்க. எந்த சாஃப்ட்வேர் நல்லதுன்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

"எனக்குத் தெரியாதும்மா."

"அடக்கத்தைப் பாரேன்!" என்றார் மாமியார்.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. புருஷனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். அப்பா தட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவள் கையில் இருந்த டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அவர்கிட்ட கேட்காதேடி" என்றாள் தங்கையிடம். "அவருக்கு ஒண்ணும் தெரியாது. பார்க்காமலேயேதான் சொன்னார். அப்பா புத்தகம் அதனாலதான் போச்சு."

மாமியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "என்னடி பேச்சு இது? அந்த மனுஷன் பெருந்தன்மையா ஒண்ணு சொன்னா, அதையே பிடிச்சுக்கிட்டுக் குத்துவியா? நாலு பேர் முன்னாடி புருஷனை இப்படியா பேசறது? மொதல்ல மன்னிப்புக் கேளு."

"வேண்டாம் அத்தை, அவ சொல்றது..."

"நீங்க சும்மா இருங்க மாப்பிள்ளை. கேளுடி."

மனைவி அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தாள். அவர் குனிந்த தலை நிமிரவில்லை.

"மன்னிச்சுக்குங்க" என்றாள் அவள் புருஷனிடம், அவர் முகத்தைப் பார்க்காமல்.