இருபது என்று எழுதிய மூச்சு

ஆரணியில் தனக்குத் தெரியாத கை எதுவும் கிடையாது என்று குணசுந்தரிக்கு ஒரு நினைப்பு. பட்டு நெய்கிற வீட்டுப் பெண் அல்லவா, கையைப் பார்த்தே என்ன தொழில் என்று சொல்லிவிடுவாளாம்! நர்சிங் படிப்பில் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் பாதி நர்ஸ் ஆகிவிட்ட மிதப்பும் வந்துவிட்டது. இது நடந்தது எழுபத்தேழாம் வருஷம், மாசி மாதம்.

அன்று காலை பத்து மணிக்கு ஆரணி ஆஸ்பத்திரியின் ஆண்கள் வார்டில் பதினான்கு பேருக்கு ஜுரம், நாடி, மூச்சு பார்த்து சார்ட்டில் எழுதுவது அவள் வேலை. ஜுரம் பார்த்தாள், நாடியும் பார்த்தாள். மூச்சை மட்டும் யார் ஒரு முழு நிமிஷம் நின்று எண்ணுவது? நாடி பிடித்த கையை விடாமல், நோயாளிக்குத் தெரியாமல், நெஞ்சு ஏறி இறங்குவதை எண்ண வேண்டும் என்று நோட்டில் அழகாக எழுதி வைத்திருந்தாள். எழுதி வைத்ததோடு சரி. மற்ற பெண்கள் செய்வதைத்தான் அவளும் செய்தாள். பதினான்கு பேருக்கும் இருபது. பதினான்கு மனுஷர்கள் பேசிவைத்துக்கொண்டு ஒரே மாதிரி மூச்சு விடுவார்களா, சொல்லுங்கள்!

ஐந்தாம் கட்டிலில் சின்னக்கண்ணு படுத்திருந்தார். பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். நிமோனியா என்று சேர்த்து இரண்டு நாள் ஆகியிருந்தது. வார்டு சிஸ்டர் கனகவதி அவர் கையைத் தூக்கிப் பார்த்தார்.

"நகமெல்லாம் நீலமா இருக்கே குணா, பாத்தியா?"

குணசுந்தரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிஸ்டர் தேசூர் பக்கம், நெல்லும் மணிலாக் கொட்டையும் விளைகிற ஊர். அவருக்கு என்ன தெரியும்? "அது சாயங்க சிஸ்டர். வெறுங்கையால நூலை முக்கி முக்கி எடுக்கறவங்க. எங்க ஊர்ல பாதி பேருக்கு நகம் இப்படித்தான்."

"அப்படியா" என்று சிஸ்டர் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். உள்ளூர்க்காரி சொன்னதை நம்பினார், பாவம்.

மதியம் ஒரு மணிக்கு சின்னக்கண்ணுவின் மனைவி முனியம்மாள் தூக்கில் கஞ்சி கொண்டுவந்தாள். "காலைல வரைக்கும் அனத்திகினு இருந்தாரு. இப்ப இன்னா, சத்தத்தையே காணோம்?"

"தூங்கறாருங்க. நல்லதுதானே" என்றாள் குணசுந்தரி. "முகம், கையெல்லாம் துடைச்சி விட்டேன். இந்த நீலச் சாயம்தான் எத்தனை சோப்பு போட்டாலும் போவேனாங்குது."

"இன்னா நீலம்?" முனியம்மாள் முறைத்தாள். "தை பொறந்ததுலேர்ந்து கல்யாணச் சேலைக்கு அரக்கும் மஞ்சளுமா போட்டுகினு கெடக்கறாரு. நீலத்தைத் தொட்டே ரெண்டு மாசம் ஆவுது."

குணசுந்தரி சின்னக்கண்ணுவின் கையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். உள்ளங்கை ரேகைகளில் அரக்குக் கறை. நகத்துக்கு அடியில் நீலம். உதட்டைப் பார்த்தாள்; பீடி குடித்துக் கறுத்த உதடு, அதில் ஒன்றும் தெரியவில்லை. "அண்ணே, நாக்கை நீட்டுங்க. அண்ணே!" அவர் கண்ணைப் பாதி திறந்தார். வாயை விரலால் விலக்கிப் பார்த்தாள். நாவல்பழம் தின்றவர் நாக்கு மாதிரி இருந்தது. ஐயோ, கடவுளே! இது சாயமில்லை, மூச்சுக் காற்று போதாமல் வந்த நீலம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து மூச்சை எண்ணினாள். நாற்பத்து நான்கு.

"சிஸ்டர்! ஜல்தி வாங்க!"

அவரை நிமிர்த்தி, முதுகுக்கு மூன்று தலையணை கொடுத்து உட்காரவைத்தாள். ஆக்சிஜன் சிலிண்டர் வந்தது. டாக்டர் ராஜவேலு பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து, நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு சார்ட்டைக் கையில் எடுத்தார்.

"பத்து மணிக்கு மூச்சு இருபது. இப்ப நாப்பத்தி நாலா? நிமோனியா இப்படித் தாவாது. நுரையீரல்ல ரத்தம் கட்டி அடைச்சிருக்கு. இங்க வச்சிகினு ஒண்ணும் பண்ண முடியாது. வேலூருக்கு அனுப்பிடலாம், வேனை எடுக்கச் சொல்லுங்க."

வேனில் ஆக்சிஜன் கிடையாது. வேலூர் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகும். அதுவரை இந்த மனுஷர் தாங்குவாரா? அந்த இருபதை நம்பித்தான் டாக்டர் அவரை அனுப்புகிறார் என்பது குணசுந்தரிக்கு விளங்கியது. வாயைத் திறந்தால் படிப்பு போய்விடும். போன வருஷம் சார்ட்டில் பொய் எழுதிய ஒருத்தியைப் பெட்டியும் கையுமாக வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். வெளியே டிரைவர் வேனைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

"நான் எண்ணல டாக்டர்" என்றாள். "இருபதுன்னு நானா எழுதினேன். நகம் காலைலயே நீலம். சிஸ்டர் கேட்டாங்க. நான்தான் சாயம்னு சொன்னேன்."

டாக்டர் மறுபடி குழாயை வைத்து, முதுகுப் பக்கம் வெகுநேரம் கேட்டார். "அப்ப மூச்சு காலைலேர்ந்தே ஏறிகினு இருந்திருக்கு. நிமோனியாதான். வேன் வேணாம். பென்சிலின் டோஸைக் கூட்டுங்க. ஆக்சிஜனை எடுக்கக் கூடாது. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மூச்சை எண்ணிச் சொல்லணும்."

கனகவதி ஊசி மருந்தைக் கலக்கிக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நாளைக்குக் காலைல பிரின்சிபல்கிட்ட நீயே போய்ச் சொல்லிடு. இப்ப போய் எண்ணு."

குணசுந்தரி கட்டிலருகே போய் சின்னக்கண்ணுவின் கையைப் பிடிக்கப் போனாள். முனியம்மாள் அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"உனக்கு எண்ணத் தெரியுமா?"

"தெரியுங்க."

"அப்ப வாயைத் தெறந்து எண்ணு. என் காதுல வுழணும்."

குணசுந்தரி எண்ணினாள். இருபதைத் தாண்டும்போது அழுகை வந்தது, எண்ணுவதை நிறுத்தவில்லை. கடிகாரத்தின் விநாடி முள் ஒரு சுற்று சுற்றி வந்தபோது நாற்பதில் நின்றாள்.

"நாப்பது. நாலு கொறைஞ்சிருக்குங்க."

முனியம்மாள் கடிகாரத்தைப் பார்த்தாள், புருஷன் நெஞ்சைப் பார்த்தாள், அப்புறம் அவளைப் பார்த்தாள்.

"இன்னொரு தபா எண்ணு" என்றாள்.

குணசுந்தரி மறுபடியும் ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.